எல்லை பஸ் ஓட்டுநரின் இடது கண்

“எதுக்கு டாக்டர் லைட்டை அணைச்சீங்க?”

கேட்டவருக்கு வயது ஐம்பத்தேழு. அரசு பஸ் ஓட்டுநர். கண் மருத்துவமனையின் சின்ன அறையில், உயரமான சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் விளக்கை அணைக்கவில்லை. கரண்டி மாதிரியான ஒரு கறுப்பு மூடியால் ஓட்டுநரின் வலது கண்ணை மறைத்திருந்தார், அவ்வளவுதான். எதிர்ச்சுவரில் எண்கள் எழுதிய பலகை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

“லைட் எரியுதே,” என்றார் டாக்டர்.

“விளையாடாதீங்க டாக்டர்.”

பக்கத்து ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மனைவி விளக்கைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை.

கண்ணில் கோளாறு என்று அவர்கள் அங்கே வரவில்லை. ஒரு படிவத்தில் ஒரு முத்திரை வேண்டியிருந்தது. நான்கு அண்டை நாடுகள் வழியாக, சொந்தக் காரில், இருபத்துமூன்று நாள் பயணம் போக இருந்தார்கள். வெளிநாட்டில் வண்டி ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டுக்குக் கண் பரிசோதனைச் சான்று வேண்டும். சேகரிக்க வேண்டிய பதினாறு காகிதங்களில் அது பதினாறாவது. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று சொல்லி மனைவி வேலையிடத்தில் அரை மணி நேரம் மட்டும் அனுமதி வாங்கி வந்திருந்தார்.

இந்த ஓட்டுநரை டெப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கொக்கு’ என்றால்தான் தெரியும். இடப்பக்கத்திலிருந்து யாராவது பேசினால் கழுத்தை நீட்டி, முகத்தை முழுசாகத் திருப்பி, ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். தண்ணீரில் மீன் பார்க்கும் கொக்கு மாதிரியே இருக்கும். ஏன் அப்படித் திரும்புகிறார் என்று கேட்க, அத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மனைவிக்கும் தோன்றவில்லை.

“நான் ஒரு வார்த்தை பேசினாலும் அப்படியே முழுசா திரும்பிப் பார்ப்பாரு. என்மேல அவ்வளவு பிரியம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்,” என்கிறார் அந்த அம்மா. இதைச் சொல்லும்போது அவருக்கு வருவது கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கொக்குக்கு ஒரே தடம். காலை ஆறு பத்துக்கு ஊரிலிருந்து புறப்படும் எல்லை பஸ். நாற்பத்தெட்டு கிலோமீட்டர் போனால் சாலையின் குறுக்கே சிவப்பும் வெள்ளையும் அடித்த தடுப்புக் கம்பி. பயணிகள் இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு, சோதனைச் சாவடிக்கு நடந்து போவார்கள். கம்பிக்கு அந்தப் பக்கமும் அதே தார், அதே வெள்ளைக் கோடு. லாரி ஓட்டுநர்கள் கை காட்டிவிட்டுத் தாண்டிப் போவார்கள். இவரும் கை காட்டுவார், வண்டியைத் திருப்புவார். ஒரு நாளைக்கு இரண்டு நடை. “சாப்பாட்டுக் கடை வாசல் வரைக்கும் போயி, வாசம் பிடிச்சிட்டு வர்ற மாதிரி இருக்கும்,” என்பார். ஒரு நாள்கூடத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்ற மறு மாதம் தாண்டுவது என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம்.

ஆசை அவருடையது என்றால் திட்டம் மனைவியுடையது. அந்த அம்மா பார்சல் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்கிறார். எந்த மூட்டை எந்த ஊருக்கு, எந்த வழியாக, எத்தனை மணி வண்டியில் என்று இருபத்தாறு வருஷமாகப் பிரித்துப் போட்ட கை. மகள் வேலைக்காக வேறு ஊர் போனபிறகு அவளுடைய அறை பயண அலுவலகமாகிவிட்டது. சுவர் முழுக்க வரைபடம். கதவுக்குப் பின்னால் நான்கு ஆணிகள், நான்கு துணிப்பைகள், ஒரு நாட்டுக்கு ஒரு பை. ஒவ்வொன்றிலும் அந்த நாட்டு விசாவின் நகல், அங்கே செல்லுபடியாகும் கார் காப்பீடு, வழியிலுள்ள ஆஸ்பத்திரிகள், பஞ்சர் கடைகள், எல்லைச் சாவடி திறந்து மூடும் நேரம். விடுமுறை நாளில் எந்தச் சாவடி மதியமே மூடும் என்றுகூட எழுதியிருந்தார். உறவினர்கள் கேலி செய்தார்கள். “நீங்க போகவே வேண்டாம். உங்களைப் பெட்டியில போட்டு ஸ்டாம்ப் ஒட்டினா போதும்.”

மஞ்சள் பை மூன்றாவது நாட்டுக்கு. அந்த ஒரு நாட்டில் மட்டும் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். அதற்காகவே மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத சந்தை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கணவரை வலப்பக்கமாக ஓட்டவைத்துப் பழக்கினார். மூன்றாவது வாரம் இடப்பக்கம் நின்ற காலி டிரம் ஒன்றை அடித்துத் தள்ளினார் கொக்கு.

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு டிரம்மைப் பார்த்து ஓட்டத் தெரியல!” என்று மனைவி சிரித்தார். இவரும் சிரித்தார். பழக்கமில்லாத பக்கம், வேறென்ன? காரின் இடப்பக்கக் கண்ணாடியை அதுவரை மூன்று முறை மாற்றியிருந்தார்கள். அதற்கெல்லாம் பழி பக்கத்து வீட்டுக்காரர்மேல்தான் விழுந்தது; அவர் வண்டியை நெருக்கி நிறுத்துகிறாராம்.

இப்போது டாக்டர் வலது கண்ணைத் திறந்துவிட்டார். வெளிச்சம் வந்தது. பிறகு கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, இரண்டு கண்ணிலும் அழுத்தம் பார்த்து, சொட்டு விட்டு, உள்ளே நெடுநேரம் பார்த்தார்.

“இது கண் அழுத்த நோய். வலிக்காது. சிவக்காது. ஓரத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே வரும். ஒண்ணு போகப் போக இன்னொண்ணு ஈடு கட்டிக்கும். அதனால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இடது கண்ணுல இனி செய்ய ஒண்ணுமில்லை. வலதுலயும் ஆரம்பிச்சிருக்கு. அதைக் காப்பாத்திரலாம்.”

“எப்ப போச்சு?” என்று கேட்டவர் மனைவிதான்.

“துல்லியமா சொல்ல முடியாதும்மா. ஆறு, ஏழு வருஷம். கூடவும் இருக்கலாம்.”

“அது எப்படி?” கொக்கு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “வருஷா வருஷம் டெப்போவுல டெஸ்ட் எடுக்கிறோம் டாக்டர். போன மாசம்கூட எடுத்தேன். ரெண்டு கண்ணும் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. கையெழுத்து இருக்கு!”

“எப்படி எடுப்பாங்க? செஞ்சு காட்டுங்க பார்ப்போம்.”

கொக்கு நிமிர்ந்து நின்றார். படிவத்தைப் பிடித்திருப்பதுபோல வலது கையை மார்போடு வைத்துக்கொண்டார். இடது உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார்.

“ஏழு, நாலு, ஒன்பது, ரெண்டு, ஆறு.”

“சரி. அடுத்த கண்ணு?”

கையை எடுக்கவில்லை. அதே கை, அதே கண்.

“ஏழு, நாலு, ஒன்ப...”

அங்கேயே நின்றுபோனார். கை கண்ணின்மேல் இருந்தபடியே இருந்தது. அந்த அறையில் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

டெப்போவின் கண் பரிசோதனை வருஷத்தில் ஒரு நாள், விடியற்காலை, முதல் பஸ் கிளம்புவதற்கு முன். நாற்பத்தொரு ஓட்டுநர்கள் வரிசையில் நிற்பார்கள். உடனே வண்டி எடுக்க வேண்டியவர் பின்னால் இருப்பார். முன்னால் நிற்பவர் தாமதித்தால் திட்டு விழும். படிவத்தை வலது கையில் பிடித்துக்கொண்டால் மிச்சம் இருப்பது இடது கை. அது எட்டுவது இடது கண்ணுக்கு. வலது கண்ணால் கடைசி வரியைப் படிப்பார்கள். “அடுத்து” என்பார் சோதனையை நடத்தும் எழுத்தர். கை மாற்ற நேரம் ஏது? மூடிய கை மூடியபடியே இருக்க, அதே வரியை இன்னொரு முறை ஒப்பிப்பார்கள். பலகை மாறியதே இல்லை. ஏழு நாலு ஒன்பது ரெண்டு ஆறு என்பது டெப்போவில் ஒரு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. வேலை சீக்கிரம் ஆக வேண்டும், அவ்வளவுதான். சில வருஷம் கழித்து எழுத்தர் “அடுத்து” என்பதையும் விட்டுவிட்டார். இரண்டு கட்டத்திலும் ஒரே இழுப்பில் ‘சரி’ போட்டார். அங்கே வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கொக்கின் இடது கண்ணை யாரும் பார்க்கவே இல்லை.

அன்று மதியம் மனைவி வேலைக்குத் திரும்பவில்லை. சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மனைவியின் தம்பியும் வந்துவிட்டான். டயர் கடை வைத்திருப்பவன். இந்தப் பயணத்தில் பின் இருக்கை அவனுக்கு.

“மாமா, இதுக்குப் போய் ஏன் இடிஞ்சு உட்கார்ந்திருக்கீங்க? ஏழு வருஷமா ஓட்டலையா? யாரையாவது இடிச்சீங்களா? டெப்போ டாக்டர் லீவு முடிஞ்சு வியாழக்கிழமை வர்றாரு. அவர்கிட்ட ஏழு நாலு ஒன்பது சொல்லி சர்டிபிகேட் வாங்கிருவோம். அதுவும் செல்லும்னு படிவத்துலயே போட்டிருக்கே.”

போட்டிருக்கத்தான் செய்தது. போக்குவரத்து ஊழியர் என்றால் டெப்போ டாக்டரின் சான்றே போதும். மனைவி பொறுமையில்லாமல் வேறு இடத்துக்கு அழைத்துப் போயிருக்காவிட்டால் இந்நேரம் பதினாறாவது காகிதம் பைக்குள் போயிருக்கும். கொக்கு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோசித்துக்கொண்டிருந்தார். “பொய் சொல்ல மாட்டேன். செய்யலாம்னுதான் தோணுச்சு. பதினொரு வருஷத் திட்டம்,” என்கிறார்.

மனைவி எழுந்து போய் மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். மேசைமேல் இரண்டு கரண்டிகளை இணையாக வைத்தார். நடுவே சாலை. தீப்பெட்டி இவர்கள் கார். உப்பு டப்பா எதிரே வரும் லாரி.

“நம்ம ஊர்ல இடப்பக்கம் போறோம். எதிர்ல வர்ற லாரி உங்களுக்கு எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம்.”

“நல்ல கண்ணு பக்கம். அதான் இத்தனை வருஷம் தப்பிச்சீங்க. இடப்பக்கம் ஏறுறவங்க, இறங்குறவங்க, சைக்கிள், எல்லாத்தையும் கண்டக்டர் கத்திச் சொல்லிட்டிருந்தாரு. கார்ல நான் சொல்லிட்டிருந்தேன்.” தீப்பெட்டியை மறுபக்கம் நகர்த்தினார். “இப்ப மூணாவது நாடு. வலப்பக்கம் போறோம். லாரி எங்கே?”

கொக்கு உப்பு டப்பாவைப் பார்த்தார். அது தீப்பெட்டியின் இடப்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

“ஆயிரத்து நானூறு கிலோமீட்டர்,” என்றார் மனைவி. “ஒரு லாரியும் உங்க கண்ணுல படாது. அந்தப் பக்கம்தான் நான் உட்கார்ந்திருப்பேன்.”

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“நீ வாயைத் திறந்தே, இந்த டப்பா உன் தலையில இருக்கும்.”

அதற்குப் பிறகும் மறுநாள் காலை கொக்கு வேலைக்குப் போனார். வீட்டில் சொல்லவில்லை. மனைவிக்குக் காலை ஷிப்ட் ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். ஏன் போனார் என்று கேட்டால், “சட்டை மாட்டினேன், கால் போயிருச்சு,” என்கிறார். மாற்று ஓட்டுநர் இல்லை, ஆறு பத்து நின்றால் எல்லையில் வேலைக்குப் போகிறவர்கள் கூலியை இழப்பார்கள், என்றெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம்.

முதல் நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. வியர்வை துடைப்பதுபோல் கைக்குட்டையை வலது கண்ணில் வைத்தார். இருபது பேர் காணாமல் போனார்கள். சத்தம் மட்டும் இருந்தது. கைக்குட்டையை எடுத்தார். எல்லோரும் திரும்பி வந்தார்கள். அதோடு இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் பதினொரு கிலோமீட்டர் ஓட்டினார். அந்தத் தூரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னமும் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார்.

“அண்ணே, லெப்ட்ல சைக்கிள்!” என்று கண்டக்டர் படியிலிருந்து கத்தினார். தினமும் கத்துவதுதான். ஒன்பது வருஷமாகக் கேட்ட குரல்தான். கொக்கு முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கேரியரில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண், பஸ்ஸிலிருந்து ஒரு கை தூரத்தில் மிதித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் ஓரங்கட்டினார். ஹேண்ட் பிரேக் போட்டார். என்ஜினை அணைத்துச் சாவியை உருவினார்.

“என்னண்ணே, பிரேக்டவுனா?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு.”

“பின்ன?”

“எனக்குக் கண்ணு தெரியலப்பா.”

“காலங்காத்தால என்னண்ணே காமெடி?”

“ஒரு கண்ணு. உன் பக்கத்துக் கண்ணு.”

கண்டக்டர் அருகில் வந்து முகத்தைப் பார்த்தார். “நேத்தா ஆச்சு?”

“ஏழு வருஷமாச்சாம்.”

கண்டக்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். விசில் கழுத்தில் தொங்கியது. ஏழு வருஷத்தில் எத்தனை முறை தொண்டை கட்டி, கத்தாமல் விட்டிருப்பார் என்று கணக்குப் போட்டாராம். இதைப் பிறகொரு நாள் அவரே சொன்னார்.

பின்னாலிருந்து குரல்கள் வந்தன. “டிரைவருக்கு டீ வேணுமாம், யாராவது வாங்கிக் குடுங்கப்பா!” “வீட்டுல சண்டை போலிருக்கு, கோபத்தை நம்ம மேல காட்டுறாரு.” “ஏங்க, எட்டு மணிக்குள்ள சாவடிக்குப் போகணும்!”

கொக்கு எழுந்து, இருக்கைகளைப் பார்த்துத் திரும்பி நின்று, நடந்ததைச் சொன்னார். சுருக்கமாகத்தான். ஒருவரும் திட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவர் பின்னால் இன்னொருவர். அப்புறம் எல்லோரும். என்ஜின் அணைந்து, பிரேக் போட்டு, சாவி உருவி நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து, தீப்பிடித்த மாதிரி இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள்.

டெப்போ மேலாளர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். “நாலு மாசம்தானே இருக்கு? நேரக் காப்பாளர் அறையில உட்காருங்க. ஓய்வு வரைக்கும் ஒரு குறையும் வராம பார்த்துக்கறேன். வெளியில சொல்ல வேண்டாம். இருபத்திரண்டு படிவத்துலயும் இந்த டெப்போ கையெழுத்து இருக்கு. கடைசி ஆறு என்னோடது.”

“உட்கார்ந்துக்கறேன் சார். நாளைக்கு ஆறு பத்து யார் எடுக்கறாங்க?”

மேலாளர் ஒரு பெயரைச் சொன்னார்.

“அவருக்கு இடது கண்ணு தெரியுமா சார்?”

மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

மறுநாள் முதல் பஸ் நாற்பது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. டெப்போவின் வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. பழைய பலகையைக் கழற்றி, காலண்டர் அட்டையின் பின்பக்கம் வேறு எண்கள் எழுதி மாட்டியிருந்தார்கள். கொக்கு ஒரு அட்டைத் துண்டுடன் பக்கத்தில் நின்று, ஒவ்வொருவரின் வலது கண்ணையும் தானே மறைத்தார்.

“கொக்கு கண் டாக்டர் ஆயிருச்சுடா.”

“பீஸ் எவ்வளவு டாக்டர்?”

“மூடிட்டு படி,” என்றார் கொக்கு.

நாற்பது பேரில் முப்பத்தேழு பேர் படித்தார்கள். இரண்டு பேர் கடைசி வரியில் தடுமாறினார்கள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். நாற்பதாவது ஆள் இரவு நேர நெடுந்தூர வண்டி ஓட்டுபவர். வேகத்தால் ‘ராக்கெட்’ என்று பெயர் வாங்கியவர். வலது கண்ணை மறைத்ததும் சிரித்தார்.

“என்னண்ணே, அட்டையைத் திருப்பி மாட்டிட்டீங்களா? வெறும் வெள்ளையா இருக்கு.”

முதல் வரியில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. பானை அளவு பெரிய எட்டு. வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. “சொல்லுங்கப்பா, திருப்பித்தானே மாட்டியிருக்கு?” என்று ராக்கெட் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பயணம் என்னவாயிற்று? தம்பி தானே ஓட்டுவதாக முன்வந்தான். “ஸ்கூட்டரையே சுவத்துல ஏத்தினவன் நீ,” என்று அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார். துணிப்பைகளை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. தேதிகளை மட்டும் அடித்துவிட்டு, பதினாறு மாதம் தள்ளி எழுதினார். ஓட்டுநர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். வயது ஐம்பத்துநான்கு. அதுவரை ஸ்டீயரிங்கைத் தூசி துடைக்க மட்டுமே தொட்டவர்.

பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்த அன்று அலுவலகத்தில் நல்ல கூட்டம். கண் பரிசோதனை அறை வாசல்வரை வரிசை. மனைவி இடது கண்ணை மூடிப் படித்தார். வலது கண்ணை மூடிப் படித்தார். கடைசி வரிவரை ஒரு பிழையில்லை. டாக்டர் முத்திரையை எடுத்தார்.

“ஒரு நிமிஷம் டாக்டர்,” என்றார் பின்னால் நின்ற கொக்கு. “வேற பலகை இருக்கா?”

“எதுக்குங்க? அவங்கதான் படிச்சிட்டாங்களே.”

“வரிசையில நிக்கும்போது முன்னாடி இருந்தவங்க படிச்சது இவ காதுல விழுந்திருக்கும்.”

மனைவி திரும்பி முறைத்தார். “என்னங்க, நான் என்ன உங்க டெப்போ ஆளா?”

“வெளியில முப்பது பேர் நிக்கிறாங்க. கொஞ்சம் வழிவிடுங்க,” என்றார் டாக்டர்.

கொக்கு வழிவிடவில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டு, அலமாரியிலிருந்து இன்னொரு பலகையை எடுத்து மாட்டினார். கொக்கு மனைவிக்கு எதிரே வந்து நின்று, தன் உள்ளங்கையாலேயே அவர் வலது கண்ணை மூடினார். விரலுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

“இப்ப படி,” என்றார்.